எண்பலகை தெரிகிறது, ஓரம் தெரிகிறதா?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மக்கள் குடைகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சகோதரி என்னிடம் வந்து, "அண்ணாச்சி, உங்களிடம் தனியாக ஒரு காரியம் பேச வேண்டும்" என்றார். அவருடைய கணவரை எனக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1990களின் தொடக்கத்தில் மும்பைக்கு வந்தவர். முதலில் டெம்போ, பிறகு டாக்ஸி, கடந்த பதினோரு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து என்று ஸ்டியரிங் பிடித்தே காட்கோபரில் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். இப்போது வயது 54.

"அவருடைய லைசென்ஸ் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா இருக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கண் டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். கண்ணைக் காட்டாமலே மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். கையெழுத்து வந்தால் வீட்டில் அடுப்பு எரியும், அண்ணாச்சி. ஆனால் போன வாரம் ஸ்டேஷன் படியில் இடப்பக்கமாக வந்த ஒரு சின்னப் பிள்ளையை இடித்துக் கீழே தள்ளிவிட்டார். பார்க்கவே இல்லை என்கிறார். அதே கண்ணை வைத்துக்கொண்டுதானே நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்?"

சொல்லிவிட்டு அந்தச் சகோதரி அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கேள்விக்குப் பதில் தேடி அந்தச் சகோதரரோடு நான் அலைந்த சில வாரங்களில் அறிந்துகொண்டவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் சபைகளில் ஓட்டுநர்கள் அநேகர். வாடகை வண்டி ஓட்டாவிட்டாலும் ஸ்கூட்டரோ காரோ ஓட்டுகிறவர்கள் அதைவிட அநேகர். நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் இது அந்நியமான காரியம் அல்ல.

வலிக்காத திருடன்

கிளாக்கோமாவைத் தமிழில் கண் அழுத்த நோய் என்கிறோம். மும்பையில் மராத்தி பேசுகிறவர்கள் இதைக் காச்பிந்து என்பார்கள். இந்தியில் காலா மோதியா. கண்புரைக்கு இந்தியில் மோதியாபிந்து என்று பெயர். பெயர்கள் நெருங்கியிருப்பதால் நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, "முற்றட்டும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்று காத்திருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தான தவறு. கண்புரையை அகற்றினால் பார்வை திரும்பும். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. மீதியிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே மருத்துவத்தால் ஆகும்.

நம் கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. அது வடியும் வழி அடைபட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். பெரும்பாலோருக்கு இவ்வழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். அழுத்தம் மிகும்போது, கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. அந்த நரம்பில் ஏறத்தாழ பத்து லட்சம் இழைகள் உண்டு. சிலருக்கு அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு நலிவதுண்டு. ஆகையால் அழுத்தத்தை மட்டும் அளந்து பார்த்துத் திருப்தி அடைய இயலாது.

பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை. பார்வையின் நடுப்பகுதி கடைசிவரை தெளிவாகவே இருக்கும். வேதம் வாசிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம், தூரத்துப் பேருந்தின் எண்ணைச் சொல்லலாம். முதலில் போவது ஓரங்கள். அதுவும் கறுப்பாகத் தெரிந்தால் நாம் விழித்துக்கொள்வோம். ஆனால் ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுசெய்கிறது; இரு கண்ணிலும் விட்டுப்போனதை மூளையே சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. சாலை ஓரத்தில் ஒரு பிள்ளை நின்றால், அந்த இடத்தில் இருள் தெரியாது. பிள்ளையில்லாத வெறும் சாலையே தெரியும்.

சென்னையிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடத்தப்பட்ட சென்னை கண் அழுத்த நோய் ஆய்வில், இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். அவர்கள் அக்கறையற்றவர்கள் என்று சொல்ல இயலாது. நோயின் சுபாவமே அப்படிப்பட்டது.

சோதனை கேட்பதும் கேளாததும்

இனி உரிமத்திற்கு வருவோம். நம் நாட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களும், நாற்பது வயதைக் கடந்து உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ வருகிறவர்களும் 1-ஏ என்னும் படிவத்தில் மருத்துவச் சான்று பெற்றுத்தர வேண்டும். பார்வையைக் குறித்து அப்படிவம் கேட்பவை சில கேள்விகளே. கண்ணில் குறைபாடு உண்டா, கண்ணாடியால் அது சரிசெய்யப்பட்டுள்ளதா? சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் எண்பலகையைக் காண முடிகிறதா? மாலைக்கண் உண்டா?

இக்கேள்விகள் யாவும் தேவையானவையே. ஆனால் ஓரப் பார்வையை இவற்றில் எதுவும் நேராக அளப்பதில்லை. எண்பலகையை வாசிப்பது பார்வையின் நடுப்பகுதி செய்யும் வேலை. கண் அழுத்த நோய் கடைசியாகத் தொடுவதும் அந்த நடுப்பகுதியைத்தான். ஆகவே பாதிப் பார்வையை இழந்த ஒருவர்கூட எண்பலகையைத் தடுமாறாமல் வாசித்துச் சான்று பெற்றுவிட முடியும். அவர் பொய் சொல்லவும் தேவையில்லை. கேட்கப்பட்டதற்கு உண்மையான பதிலையே சொல்லியிருப்பார்.

பிரிட்டனில் இதற்கென்று தனி விதி உண்டு. இரு கண்ணிலும் கண் அழுத்த நோய் உள்ளவர் அதை உரிமம் வழங்கும் அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே எண்பலகையை 20 மீட்டர் தூரத்தில் வாசிப்பதோடு, பார்வையின் அகலமும் கருவியால் அளக்கப்படுகிறது. கார் ஓட்டுகிறவருக்கு அந்த அகலம் குறைந்தது 120 டிகிரி இருக்க வேண்டும். நம் படிவத்தில் இக்கேள்வி இல்லாததால், அதை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

நம் சட்டம் இதில் முற்றிலும் மௌனமாக இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயினாலோ குறைபாட்டினாலோ வண்டி ஓட்டத் தகுதியற்றவரின் உரிமத்தை ரத்து செய்ய அதிகாரிக்கு இடமளிக்கிறது. தன் நோய் பிறருக்கு ஆபத்தாகும் என்று அறிந்தும் வண்டி ஓட்டுவது 186ஆம் பிரிவின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதற்கான அபராதம் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய். தொகை சிறியதே. ஆனால் "அறிந்தும்" என்ற அந்த ஒரு சொல் சிறியதல்ல.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் என் சொந்த உரிமத்தைப் புதுப்பித்தபோது, ஒரு மருத்துவர் தலைநிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்திட்டார். வேலை சீக்கிரம் முடிந்ததே என்று நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். அந்தச் சகோதரி ஏஜென்டைப் பற்றிச் சொன்னபோது என் மனச்சாட்சி என்னைக் குத்தியதற்கு அதுவே காரணம்.

மருந்தும் ஜெபமும்

அடுத்த நாள் மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. தேநீர் குடித்தபின் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மூன்று வருடத்துக்கு முன் ஒரு உபவாச ஜெபத்தில் எனக்காக ஜெபித்தார்கள். நான் சுகத்தை விசுவாசித்தேன். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன். இதுவரை ஒரு வலிகூட வந்ததில்லை. இப்போது டாக்டரிடம் போனால் அது அவிசுவாசம் ஆகாதா?"

இக்கேள்வியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். தேவன் சுகமளிக்கிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் வலி இல்லாததைச் சுகத்தின் அடையாளமாக இந்த நோயில் கொள்ள முடியாது. ஆரம்பத்திலிருந்தே வலிக்காத நோய் அது. நான் அவரிடம் சொன்னது இவ்வளவே: "தம்பி, குஷ்டரோகி சுத்தமான பின்பும், ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காண்பிக்கும்படி ஆண்டவர் அனுப்பினார் அல்லவா? காண்பிப்பதில் அவிசுவாசம் இல்லை. சுகம் கிடைத்திருந்தால் கருவி அதைச் சொல்லும். கிடைக்காதிருந்தால், இழப்பதற்கு இன்னும் என்ன மீதியிருக்கிறது என்றாவது தெரியட்டும்."

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்களும் கூட வருவீர்களா?" என்று கேட்டார்.

மூன்று பயணங்கள்

முதல் பயணம் ஒரு பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு. காலை ஏழு மணிக்குக் காட்கோபரில் ஸ்லோ லோக்கல் பிடித்தோம். தாதர் பாலத்தில் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டே கவனித்தேன். எதிரே வருகிறவர்களை அவர் விலக்கிவிடுகிறார். இடப்புறத்திலிருந்து குறுக்கே வருகிறவர்கள்மேல் மோதுகிறார். நான்கு பேர் திட்டினார்கள். கூட்டம் அப்படித்தான் என்று அவர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவர்மேலும் மோதவில்லை.

அங்கே அவருக்குப் பார்வைப் புலப் பரிசோதனை செய்தார்கள். மருத்துவமனையில் இதை ஃபீல்டு டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவி. முகவாயையும் நெற்றியையும் அதன் பட்டைகளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, நடுவிலுள்ள விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் சிறு வெளிச்சப் புள்ளிகள் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்களே ஆகும். வெளியே வந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. "பாதிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, அண்ணாச்சி" என்றார். அங்கிருந்த பெண் பணியாளர் அன்போடு விளக்கினார்: நல்ல கண்ணுக்கும் ஏறத்தாழ பாதிப் புள்ளிகள் தெரியாதபடிதான் கருவி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும்; ஆகவே பயப்பட வேண்டாம்; முதல் முறை பழக்கமின்மையால் பிழை வரலாம், இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுவோம்.

இரண்டாம் பயணம் இரண்டு வாரம் கழித்து. மறுபடியும் அதே சோதனை. பின்பு கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு நரம்பைப் பார்த்தார்கள். அன்று திரும்பும்போது வெயிலில் அவர் கண்ணைத் திறக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முப்பது ஆண்டுகள் மற்றவர்களை ஏற்றிச் சென்றவர், ஒருவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

இரண்டு சோதனைகளும் ஒன்றையே காட்டின. இடக் கண்ணின் ஓரப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. வலக் கண்ணிலும் சேதம் தொடங்கிவிட்டது. காகிதத்தில் அச்சாகி வந்த படத்தில் கறுத்திருந்த பகுதிகளை மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். "நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. மருந்தைத் தவறாமல் விட்டால் இதைக் காப்பாற்றலாம். ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இனி ஓட்டாதீர்கள்" என்றார்.

மூன்றாம் பயணம் 1-ஏ படிவத்திற்காக. ஏஜென்ட் சொன்ன இடத்திற்கு நாங்கள் போகவில்லை. வேறொரு மருத்துவர் அவரை வாசலுக்கு அழைத்துச்சென்று, தூரத்தில் நின்ற காரின் எண்ணை வாசிக்கச் சொன்னார். நம் சகோதரர் ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்தார். மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார். அந்தக் கணத்தில் சும்மா இருந்திருந்தால் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு உரிமம் கையில் கிடைத்திருக்கும். அவரோ தாமே பையைத் திறந்து, அந்தக் காகிதங்களை மேசைமேல் வைத்து, "ஐயா, இதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். மருத்துவர் பார்த்தார். பேனாவை மூடினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, முப்பது வருடத்தில் ஒரு உயிர்மேல் வண்டியை ஏற்றியதில்லை." நான், "அந்தக் கணக்கோடேயே நிறுத்திக்கொண்டோம், தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போகும்போது

கண் அழுத்த நோய் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவற்றை எண்ணிட்டுத் தருகிறேன். இப்பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். உரிமம் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பின்பும் ஓராண்டுவரை விண்ணப்பிக்க இடமுண்டு. அதற்கு மேலானால் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும். ஆனால் முடிந்த நாளுக்குப்பின் புதுப்பிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. அவசரமே நம்மை ஏஜென்டின் கையில் தள்ளுகிறது.

2. முதலில் கண் மருத்துவர், பிறகு படிவம். புலப் பரிசோதனை எடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

3. அந்தச் சோதனைக்குப் போகும் நாளில் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, வழக்கமான சொட்டு மருந்தையும் விட்டுக்கொண்டு போங்கள். களைப்பு வந்தால் சிறிது நிறுத்தும்படி கேட்கத் தயங்க வேண்டாம். தெரியாத புள்ளிக்கும் பொத்தானை அழுத்தி யாரையும் ஏமாற்ற முயலாதீர்கள். கருவி அதைக் கண்டுபிடித்து அந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல என்று குறித்துவிடும்.

4. கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. அன்றே உரிமத்திற்கான பார்வைச் சோதனைக்கும் போகக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச்செல்லுங்கள். குளிர்கண்ணாடியும் இருக்கட்டும்.

5. உரிமத்திற்கான சோதனைக்குப் போகும்போது தூரப்பார்வைக் கண்ணாடி, கடைசிப் புலப் பரிசோதனைக் காகிதங்கள், இப்போது விடும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

6. சில சொட்டு மருந்துகள் விட்டவுடன் பார்வை சிறிது நேரம் மங்கும். கண்மணியைச் சுருக்கும் மருந்தானால் இருட்டில் பார்வை இன்னும் குறையும். வேறு சில தூக்கக் கலக்கம் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டிமோலால் போன்ற மருந்துகள் அவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. கண் அழுத்த நோய் என்று சொல்லப்பட்ட உடனே உரிமம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து விடுகிற அநேகர் பாதுகாப்பாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் பார்வைப் புலத்தைப் பார்த்தே இதைச் சொல்ல முடியும்.

8. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய், அதிகமான கிட்டப்பார்வை, நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து எடுத்தல் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். நாற்பது வயதானவுடன் கண் நரம்பையும் பார்த்துச் சொல்லும் மருத்துவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்துவிட்டு வருவது போதாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. அடிக்கடி ஒரே பக்கத்தில் மோதுதல், படியின் கடைசி அடி தவறுதல், பக்கத்திலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடுதல், வண்டியின் ஒரே பக்கத்தில் கீறல்கள் விழுதல் ஆகியவற்றை வயதின் அஜாக்கிரதை என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.

உண்மைக்கு ஆகும் செலவு

அந்தச் சகோதரர் இப்போது அதே பள்ளியின் பேருந்தில் உதவியாளராக இருக்கிறார். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்கும் வேலை. சம்பளம் முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அவருடைய மனைவி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். முதல் சில மாதங்கள் மிகவும் கடினமாக இருந்தன. அவர் யாரோடும் பேசாமல் ஜன்னலருகே உட்கார்ந்திருந்த நாட்களை நான் அறிவேன். சபையார் ஆறு மாதம் வீட்டு வாடகைக்கு உதவினார்கள். இரவில் மருந்து விடுவதை அவருடைய மகள் நாட்காட்டியில் குறித்துவைக்கிறாள். கடைசிச் சோதனையில் சேதம் கூடவில்லை என்று மருத்துவர் சொன்னார்.

இன்னொரு காரியமும் நடந்தது. தாராவியில் இருக்கும் அவருடைய தம்பியும் ஓட்டுநர். அண்ணன் வற்புறுத்தி அவரையும் மருத்துவரிடம் அனுப்பினார். தம்பிக்கும் நோய் தொடங்கியிருந்தது. ஆனால் ஓரப் பார்வையில் இன்னும் ஒன்றும் குறையவில்லை. தினமும் ஒரு சொட்டு மருந்தோடு அவர் இன்றும் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்பானவர்களே, அந்தச் சகோதரர் மருத்துவரின் மேசைமேல் வைத்த காகிதங்கள் அவருடைய குடும்பத்தின் வருமானம். அதை வைக்கச் சொல்லுவது நமக்கு எளிது. ஊரைவிட்டு வந்து, நிலமோ சொத்தோ இல்லாமல், கையிலுள்ள தொழிலை மட்டும் நம்பி இப்பெருநகரங்களில் வாழ்கிற நம்மில் ஒருவருக்கு உரிமம் போவது என்பது வாழ்வாதாரமே போவதாகும். உண்மையைச் சொன்னவரை, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஓட்டுநர் ஏஜென்டிடம்தான் போவார். அவரை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு நியாயம் இராது.

ஆகவே போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையிலுள்ள ஓட்டுநர்கள் யார், அவர்களில் நாற்பதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். சபை வேனை ஓட்டுகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைக் கண் மருத்துவரிடம் அழைத்துச்செல்ல ஒருவரை நியமியுங்கள். மார்ச் மாதத்தில் உலகக் கண் அழுத்த நோய் வாரம் அனுசரிக்கப்படுகிறது. அவ்வாரத்தை அதற்கென்று குறித்துவைக்கலாம். ஒருவருக்குத் தொழில் போனால் வேறு வேலை தேடித்தருவதும் அதுவரை தாங்குவதும் நம் பொறுப்பாக இருக்கட்டும்.

இதை வாசிக்கும் ஓட்டுநர் சகோதரரே, உங்கள் உரிமத்தை எடுத்து அது முடியும் தேதியை இன்றிரவே பாருங்கள். பிறகு உங்கள் மனைவியிடம், "நான் எங்கேயாவது இடித்துக்கொள்கிறேனா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், அடுத்த வாரமே ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம். சபையில் ஒருவரிடம் சொல்லுங்கள். கூட வருவார்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.